பச்சை மையில் முதல் வரி

எழுபத்தொரு மணி நேரம் அந்தத் தாள் வெறுமனே சுற்றியது. மூன்று மாடிகள், நாற்பத்திரண்டு மேஜைகள். மேலே தட்டச்சு செய்த வேண்டுகோள், கீழே இரண்டு டீக்கறை.

அலுவலகம் கூட்டும் அக்காவின் மகனுக்கு இதயத்தில் ஆபரேஷன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டினால்தான் வெள்ளிக்கிழமை தேதி நிற்கும்.

தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் டைப்பிஸ்ட். அவளுக்குக் கேட்க வாய் வராது. மேஜை ஓரமாகப் போய் நிற்பாள், அவ்வளவுதான்.

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள்.

"பெரியவங்க யாராவது ஆரம்பிக்கட்டும்மா. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

குறைத்து எழுதினால் கஞ்சன். கூட்டி எழுதினால் பந்தா. எவ்வளவு எழுதினால் மானம் நிற்கும் என்று தெரியாமல் நாற்பத்திரண்டு பேரும் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள்.

புதன் மாலை, வேறு வழி தெரியாமல், டைப்பிஸ்ட் தாளை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு முதல் வரி நிரம்பியிருந்தது. பெயர் வேண்டாம், ஐயாயிரம்.

பச்சை மை.

அந்தக் கட்டடத்தில் பச்சை மையில் எழுதுகிறவர் மேனேஜர் ஒருவர்தான்.

அதன் பிறகு தாள் டைப்பிஸ்டின் கையில் நிற்கவில்லை. ஸ்டோர் கீப்பர் இரண்டாயிரம் எழுதினார். அதைப் பார்த்த கேஷியர் இரண்டாயிரத்து நூறு எழுதினார். லீவில் இருந்த ஒருவர் போன் செய்து, தன் பெயர் கேஷியருக்கு மேலே வருமா என்று விசாரித்தார். மூன்று நாளாக அவளைக் கண்டாலே கழிப்பறைப் பக்கம் நழுவியவர்கள் இப்போது மாடிப்படியில் வழிமறித்து, "என்னை மறந்துட்டியே!" என்று கோபித்துக்கொண்டார்கள்.

மேனேஜரை வராந்தாவில் நிறுத்திப் பாராட்டினார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அதையெல்லாம் வெளிய பேசக் கூடாதுப்பா" என்று கூரையைப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு எண்ணியபோது சரியாக ஐயாயிரம் குறைந்தது. முதல் வரிக்காரர்தான் இன்னும் தரவில்லை.

டைப்பிஸ்ட் தாளோடு மேனேஜர் அறைக்குள் போனாள். வள்ளலின் கையைப் பார்க்கப் பாதி அலுவலகம் பின்னாலேயே வந்தது.

மேனேஜர் பச்சை வரியை இரண்டு முறை படித்தார். வாசலை அடைத்து நின்ற முகங்களைப் பார்த்தார். மெல்லப் பர்ஸைத் திறந்தார்.

கைதட்டலில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

கீழே, படிக்கட்டில் காத்திருந்த அக்காவிடம் டைப்பிஸ்ட் உறையைக் கொடுத்தாள்.

"மேனேஜர் மொதல்ல எழுதலைன்னா ஒண்ணுமே நடந்திருக்காதுக்கா."

அக்கா உறையைத் துணிப்பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேல்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதினது நான்தான் பாப்பா. திங்கக்கிழமையே எழுதியிருப்பேன். சார் தெனமும் பேனாவைச் சட்டைப்பையில குத்திக்கிட்டே போயிடுவாரு. நேத்துதான் மேஜை மேல மறந்து வச்சுட்டுப் போனாரு."