இரவல் பெற்றோர்

வேதியியல் முடிந்து இயற்பியல் தொடங்கியதும் அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

களத்தில் இறங்கப் போகிறார் என்று அர்த்தம். பட்டமளிப்பு விழாவில் அப்பாவாக உட்கார்வதில் எங்கள் ஊரில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். பெயரை வாசித்ததும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர்கள் எழுந்த பிறகுதான் அரங்கம் கைதட்டும். யாரும் எழவில்லை என்றால் கைதட்டலும் கிடையாது. மேடையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பையன் அப்படித்தான் நடந்தானாம். அவனுடைய ஊர் தொலைவு. யாராலும் வர முடியவில்லை. அன்று மதியம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை மெஸ் அக்கா பார்த்துவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து ஊரையே பெற்றோராக்கிவிட்டாள்.

எங்கள் ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது என்பார்கள். தவறு. கல்லூரி ஓரத்தில் கொஞ்சம் ஊர் இருக்கிறது. மாணவர்கள் மூன்று வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேராசிரியர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிடும். சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்பா, மெஸ் அக்கா, இஸ்திரிக்காரர், ஜெராக்ஸ் அண்ணன் இவர்களெல்லாம் நிரந்தரம்.

எனவே, வர முடியாத பெற்றோருக்குப் பதிலாக நிரந்தரவாசிகள் போய் உட்கார்வார்கள். அழகாக எழுவார்கள். மெஸ் அக்காவுக்குக் கண்ணீர்கூட வரும்.

அப்பா இதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்திருந்தார். பெயர் வாசித்த உடனே எழுந்தால் பொய் தெரிந்துவிடும். தாமதித்தால் பாசம் போதாது. ஒரு மூச்சு இழுத்து, முழங்காலில் கை ஊன்றி, மெல்ல எழ வேண்டும். ஒரு வருடம் ஒரே நாளில் மூன்று துறைகளில் அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் முகத்தில் ஒரு ஜாடைகூட ஒத்துப்போகவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாராம். அம்மா திருப்பி முறைத்த முறைப்பில், தண்ணீர் குடிக்கப் போன மனிதர் திரும்பி வரவே இல்லை.

மெஸ் அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யாருக்காக அனுமதிச் சீட்டு வாங்கி வந்தோமோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் எழ வேண்டும். கண்ட பிள்ளைக்கெல்லாம் எழுந்தால் ஒரு நாள் எல்லோருடைய குட்டும் உடைந்துவிடும்.

இந்த வருடம் அப்பா தனியாக வந்திருந்தார். எங்கள் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் பெண், தனக்காக எழ வேண்டும் என்று அம்மாவை முதல் வருடமே கேட்டு வைத்துவிட்டாள். வாக்கு வாக்குதான். அம்மா நான்கு வரிசை தள்ளி, பொருளாதாரத்தின் அம்மாவாக உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் பொறுப்பில் இருந்த பையனோ பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படியானவன் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு மாடியறைப் பெண்களிடம் அம்மா அவனைத்தான் உதாரணம் காட்டுவாள். ஆனாலும் அவனுக்கும் ஒருவர் எழ வேண்டும் அல்லவா? அப்பா எழவில்லை என்றால் செருப்புச் சத்தம்தான்.

காலையில் கிளம்பும்போதே அம்மா மிரட்டியிருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் சொதப்பினீங்க, வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

"போடி. எத்தனை பிள்ளைங்களுக்கு எழுந்திருக்கேன், எனக்கே பாடம் எடுக்கறா!"

பெயரை வாசித்தார்கள்.

அப்பா மூச்சு இழுத்தார். முழங்காலில் கை ஊன்றினார்.

எழவில்லை.

இன்னொரு முறை ஊன்றினார். உதடு என்னவோ செய்தது. உடம்பு நாற்காலியை விட்டு ஒரு விரல் உயரம்கூடக் கிளம்பவில்லை.

அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. செருப்பு மட்டும் மேடையில் டப், டப் என்று நடந்தது.

அப்போது நான்கு வரிசை தள்ளி அம்மா எழுந்தாள். சற்று முன்புதான் மாடியறைப் பெண்ணுக்காக எழுந்து உட்கார்ந்தவள்.

வரலாற்றுத் துறைப் பக்கத்திலிருந்து மெஸ் அக்கா எழுந்தாள், தான் போட்ட சட்டத்தைத் தானே மிதித்துக்கொண்டு. தாவரவியலிலிருந்து இஸ்திரிக்காரர். கணிதத்திலிருந்து ஜெராக்ஸ் அண்ணனும் அண்ணியும். கடைசி வரிசையில் முடிதிருத்தும் மாமா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். அரங்கத்தின் மூலைமுடுக்கிலெல்லாம் யாராவது ஒருவர் எழுந்துகொண்டே இருந்தார்கள். அவரவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஊரின் குட்டு மொத்தமாக உடைந்துபோனது. ஒருவர் முகத்திலும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

கைதட்டலில் ஒலிபெருக்கி கீச்சிட்டது.

பட்டத்தை நீட்டிய முதல்வர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி கீழே பார்த்தார்.

"உனக்கு எத்தனை அப்பா அம்மாப்பா?"

"நான் உள்ளூர் சார்" என்றேன்.

அந்த மேடையில் இந்த வார்த்தையை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். மெல்லப் பட்டத்தை என் கையில் விட்டார்.

கீழே, ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தபோது, என்னைப் பெற்றவர் மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.