மறைத்த கிண்ணம்

"மெதுவாப் பேசுடா. உன் பொண்டாட்டி டீத்தூள்ல மாத்திரை கலக்குறா. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை மறைச்சிட்டா," என்றார் அப்பா.

மகன் சமையலறைக்குள் நுழைந்தான். மனைவியின் கிண்ணத்தில், ஈர டீத்தூளுக்குள் வெள்ளை மாத்திரைகள் கிடந்தன.

"யாருக்கு இது?" என்று கேட்டான்.

"குப்பைக்கு. இது வடிகட்டின டீத்தூள். காலாவதியான மாத்திரையை இதுல பிசைஞ்சு, கவர்ல இறுக்கிக் கட்டிப் போட்டா, யாருக்கும் எடுத்துத் தின்ன மனசு வராது."

"குப்பையில கிடக்குறதை எவன் எடுத்துத் தின்பான்?"

அவள் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். "போன வாரம் இதை அப்படியே குப்பையில போட்டேன். இன்னைக்கு மாமா தலையணைக்கு அடியில இருந்துச்சு. ரெண்டு மாத்திரையைக் காணோம்."

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"தேதிதானே போச்சு," என்றார் அவர். "மாத்திரை நல்லாத்தானே இருந்துச்சு."