மாபேனாவின் கூலி

"நேத்து மாபேனா வந்தார்டா. களியை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோழியில கழுத்தைக்கூட விடல, போ!"

எல்லைக்கு அந்தப் பக்கம், ஜிம்பாப்வேயில் இருக்கும் கெசி கிராமத்திலிருந்து அப்பா போனில் சிரித்தார். இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் மெலுசிக்கு வயிறு எரிந்தது.

போனை வைத்ததும் அக்காவிடம் பாய்ந்தான்.

"கேட்டியாக்கா? அந்த வேன்காரன் நம்ம பணத்தைக் கொண்டுபோய்க் குடுக்க நூறு ராண்டுக்கு இருபது ராண்டு கூலி வாங்கறான். பணம் போறது மாசத்துக்கு ஒரு தடவை. ஆனா வாராவாரம் போய் உட்கார்ந்து அப்பாவோட கோழியைக் காலி பண்றான்!"

சிதெம்பி ஆஸ்பத்திரி யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தூரம் ஓட்டி வர்ற மனுஷன். சாப்பிட்டுப் போறார், விடுடா."

"நான் எல்லாத்தையும் விசாரிச்சிட்டேன். பேங்க்ல போட்டா நாலு நாள் ஆகும், ஆயிரம் கேள்வி கேட்பான். டவுன்ல இருக்கிற கடைக்கு அனுப்பினா அப்பா பஸ் ஏறிப் போய் க்யூவில நிக்கணும். போன்ல அனுப்பினா ஒரே நிமிஷம்! ஊர்ல மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடையிலேயே அப்பா காசா மாத்திக்கலாம். கமிஷனும் இவன் வாங்கறதுல கால்வாசிதான்."

"மாபேனா கையில போனாத்தான் எனக்கு நிம்மதி."

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஆள்கிட்ட? தெருவே உன்னையும் அவனையும் சேத்துப் பேசுது."

"அந்தத் தொப்பையோடயா?" சிதெம்பி சிரித்துவிட்டாள். "நம்ம தெருக்காரங்களுக்கு ரசனையே கிடையாது."

"சிரிக்காதே. அதுல பாதி என் பணம். நாள் பூரா வெயில்ல நின்னு கார் கழுவிச் சம்பாதிச்சது."

அவள் யூனிஃபார்மைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மாசக் கடைசி வந்தது. மாபேனாவிடம் கொடுத்துவிடச் சொல்லி, கூலியோடு சேர்த்துப் பணத்தைத் தம்பியிடம் தந்துவிட்டு வேலைக்குப் போனாள் சிதெம்பி.

மெலுசி வேன் நிற்கும் பக்கமே போகவில்லை. நேராக போன் கடைக்குப் போனான். மொத்தத்தையும் அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

சாயங்காலம் அக்கா வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

"பணம் போயாச்சு! ஒரே நிமிஷம்தான். கமிஷன் போக, கூலிக் காசும் சேந்து அப்பாவுக்கே போயிடுச்சு!"

"மாபேனாவைப் பாக்கலியா?"

"எதுக்குப் பாக்கணும்?"

சிதெம்பியின் முகம் மாறிவிட்டது. "அப்பாகிட்ட பேசினியா? மத்தியானம் என்ன சாப்பிட்டாராம்?"

"பணம் வந்துதான்னு கேட்டேன், வந்துச்சுன்னார். சாப்பாட்டை எல்லாம் யாரு கேட்டா?"

கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கிவிட்டாள். மெலுசியும் பின்னாலேயே போனான்.

வேன்கள் கிளம்பும் நேரம். கூரை மேல் மெத்தை, எண்ணெய் கேன், சோள மாவு மூட்டை என்று மலைபோல் ஏற்றி, மாபேனா மூச்சு வாங்கக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சிதெம்பி கைப்பையைத் திறந்து, தன்னுடைய வீட்டு வாடகைக்கென்று வைத்திருந்த நோட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மெலுசிக்குத் தாங்கவில்லை.

"அக்கா! உனக்கு என்ன பைத்தியமா? பணம் எப்பவோ போய்ச் சேந்தாச்சு. கொண்டுபோறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் எதுக்கு இந்த ஆளுக்குக் கூலி?"

மாபேனா கயிற்றை விட்டுவிட்டு சிதெம்பியைப் பார்த்தார். "தம்பிகிட்ட நீ இன்னும் சொல்லலியாம்மா?"

"எப்படிண்ணே சொல்றது? இவன் வாயில எது நிக்கும்? அன்னைக்கே போன் போட்டு அப்பாகிட்ட கேட்டுடுவான். அவர் ரோஷக்காரர். அப்புறம் உங்களை வாசப்படி ஏற விடமாட்டார்."

"என்னக்கா கேட்டுடுவேன்? என்ன நடக்குது இங்க?"

சிதெம்பி கைப்பையை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா போனதுலேர்ந்து அப்பா அடுப்பே மூட்டறதில்லடா. ஒத்தை ஆளுக்கு எதுக்குச் சமையல்னு டீயைக் குடிச்சிட்டுப் படுத்துக்கறார். பக்கத்து வீட்டுல கூப்பிட்டாலும் போறதில்ல. ஆனா வீடு தேடி வந்த ஆளை வெறும் வயித்தோட அனுப்ப மட்டும் அவருக்கு மனசு வராது."

மெலுசி மாபேனாவைப் பார்த்தான். அவர் கூச்சத்தோடு தொப்பையைத் தடவிக்கொண்டார்.

"நான் போற அன்னைக்குக் காலையிலேயே கோழி பிடிக்கக் கிளம்பிடுவார் தம்பி. மிச்சம் இருக்கிறதை வெச்சு அடுத்த ரெண்டு நாள் ஓட்டிடுவார். என்ன கஷ்டம்னா, நான் கையைக் கழுவினா அவரும் கழுவிடறார். அதான் தொண்டையில இறங்காட்டியும் போடுங்க போடுங்கன்னு கேட்டு வாங்கறேன். அப்புறம் பாதி வழியில வேனை ஓரங்கட்டிப் படுத்து எழுந்தாத்தான் என்னால ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியுது."

மெலுசி தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்து இழுத்துக் கட்டினான். பிறகு கேட்டான்:

"அக்கா குடுக்கிறது உங்களுக்குப் போதுமாண்ணே?"