பதினேழு பறவைகளின் குளம்

மேடையில் இருந்த அதிகாரி அவள் பெயரை மைக்கில் வாசித்தார்.

அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் கணக்கை வாசித்தார். பத்து வருடங்களாக, பனிக்காலத்தில், இந்தக் குளத்தில் பார்க்கப்பட்ட பறவைகள் பதினேழு வகை. மொத்தம் இருபத்திரண்டு. ஆதாரம், மேற்படி அம்மையார் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் பட்டியல்.

இருபத்திரண்டு பறவைக்காகக் குளத்தில் வரப்போகும் புது பஸ் ஸ்டாண்டை நிறுத்துவதா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கருத்துக் கேட்பதற்காகக் கல்யாண மண்டபத்தில் கூட்டிவைத்திருந்த ஜனம் தானாகவே சிரித்தது.

அவள் எழுந்தாள்.

"ஆயிரக்கணக்குல வருங்க. நான் எழுதல."

"ஏனுங்க மேடம்?"



பட்டியலில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. பெரியாஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனை அணு என்று குனிந்து எண்ணி எண்ணித்தான் கழுத்து வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைனாகுலரோடு குளக்கரை.

அங்கே அவள் எண்ணியதில்லை.

பறவை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. புதிதாக வந்ததைத்தான் எழுதுவார்கள். இமயமலையைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்து ஒன்று. வழி தவறிய செங்கால் நாரை ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் குவியும். நாமக்கோழி என்று போட்டுப் பாருங்கள், ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நாமக்கோழி கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை. தை மாதத்தில் தண்ணீரே தெரியாதபடி மிதந்து கிடக்கும்.

அதற்கு அந்தப் பக்கம் ஊசிவால் வாத்துகள். கரையோரம் கிளுவை வாத்துகள். அத்தனையும் ஒன்றாகக் கிளம்பினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

அதை எல்லாம் எழுதுவார்களா? தினமும் சோறு தின்றேன் என்று யாராவது டைரியில் எழுதுவார்களா?

அவள் எழுதவில்லை.

"இப்பப் போய் எண்ணலாங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டாள். அளவெடுக்க வேண்டும் என்று ஐப்பசியிலேயே மதகைத் திறந்து குளத்தை வடித்தாயிற்று. இந்த வருடம் அங்கே வெடித்த சேறும் நாலு காக்கையும்தான்.

தேதியோடு எழுதியது, இல்லை படம், ஏதாவது இருந்தால் ஒரு மணிக்குள் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. மணி பன்னிரண்டு நாற்பது.

பின்வரிசையில் இருந்து சென்னியப்பன் எழுந்து வந்தார். குளத்து மீன் குத்தகைக்காரர். அந்தப் பறவைகள் மீனைத் தின்கின்றன என்று பத்து வருடமாக அவளோடு சண்டை போட்டவர்.

"வெடி வெச்சுங்கூட முடுக்கிப் பாத்தனே அம்மணி. போகவே மாட்டீனுச்சு. அத்தனையும் உங்க கண்ணுல படுலியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் செல்போனைத் திறந்தாள்.

படங்கள் இருந்தன. வகைக்கு ஒன்றாகப் பதினேழு. மற்றதை எல்லாம் இடம் போதவில்லை என்று போன வருடம் அழித்திருந்தாள்.

செங்கால் நாரை, தனியாக. கருவால் மூக்கன், தனியாக. ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குக் கொடுக்கும் போட்டோ மாதிரி நடுவில் நிமிர்ந்து நின்றது. பின்னால் வெறும் தண்ணீர்.

வெறும் தண்ணீராக அது இருந்ததில்லை. சுற்றிலும் மொய்த்துக்கொண்டிருந்ததை அவள்தான் வெட்டினாள். ஞாயிறு மத்தியானங்களில், சாப்பாட்டைக்கூட ஆறவிட்டு, படத்தின் ஓரங்களை விரலால் உள்ளே தள்ளித் தள்ளி, மற்ற ஒன்றும் தெரியாதபடி வெட்டினாள். எவ்வளவு சுத்தமாக வெட்டுகிறீர்கள் என்று குழுவில் பாராட்டுவார்கள்.

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. தனியாக, தனியாக, தனியாக.

பதினாலாவது, பட்டைத்தலை வாத்து.

இடது கீழ் மூலையில் ஏதோ கறுப்பாக இருந்தது.

பெரிதாக்கினாள். பாதி முதுகு, கழுத்து, நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. அன்றைக்கு அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறது.

மேடைக்கு ஓடினாள். படிக்கட்டில் செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. படத்தைத் தன் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். படம் எடுத்த தேதியையும் பார்த்தார். பாதிதான் இருக்கிறது என்று தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

"இருக்குதுங்க மேடம். சேத்துக்கலாம்."

அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

பதினேழை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார். இருபத்திரண்டை அடித்துவிட்டு இருபத்து மூன்று. கீழே, கட்டம் போட்ட தாளில், ஒரு புது வரி.

நாமக்கோழி. எண்ணிக்கை: 1.

பட்டியல் கொடுத்தவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று தாளைத் திருப்பிவைத்துப் பேனாவை நீட்டினார்.

அவள் படத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

சரியாகத்தான் இருந்தது.