கொட்டகையில் கவிழ்ந்த படகு

ஜொகூர் நீரிணைமேல் மாலை வெயில் சாய்கிறது. கந்தோரில் கணக்கெழுதும் கிராணி கனகசபை, சோலா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி, பாய்மரப் படகுக் கழகத்தின் கொட்டகையில் தன் படகின் முன் நிற்கிறார். சம்பளமில்லாத செயலாளர் பதவி இன்று மத்தியானத்தோடு முடிந்தது. அந்த இடத்துக்கு இன்னும் ஒருவரும் முன்வரவில்லை. வருஷம் முழுக்க ஞாயிறுதோறும் துறையில் நின்று கொடியசைத்தார், ஊரார் பாய்க்குக் கயிறு தேடினார், யார் முந்தியது என்ற சண்டைகளைத் தீர்த்தார். தன் படகைத் தண்ணீரில் இறக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. கட்டைகள்மேல் கவிழ்ந்து கிடக்கும் படகின் கீழே குனிந்து நுழைகிறார். ஈரம் காணாத பலகைகள் சுருங்கி, பொருத்துகள் வாய் பிளந்திருக்கின்றன. இடுக்குகளின் வழியே வெயில் கோடுகோடாக அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுகிறது. ஓர் இடுக்கில் சுண்டுவிரலை நுழைக்கிறார். அது தடையில்லாமல் மறுபக்கம் போகிறது. வெளியே யாரோ கத்துகிறார்கள்: “தேத்தண்ணி ஆறிப்போச்சு, ஒருத்தரும் பாக்கிறேல்லையோ?” இன்றைய படகுப் பந்தயத்தில் வென்ற சோமசேகரம் நனைந்த கால்சட்டையோடு உள்ளே வந்து, பலகைகளைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டுகிறான். பிறகு அவன் முகம் மலர்கிறது. “அண்ணை, அப்ப வாற வருஷமும் நீங்களே செயலாளரா இருங்கோவன். உங்களுக்குத்தான் ஓட்டப் படகு இல்லையே.”