செம்பட்டை முடிக்காரி

என் கணவன் டஸ்டின் கடைசியாக விடைபெற்றது என்னிடம் அல்ல, ஒரு செம்பட்டை முடிக்காரியிடம். "பீர் வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கோட்டையைப் பாத்துக்கோ" என்றான்.

கணினித் திரையில் வில்லும் கையுமாக நின்றிருந்தவள் எழுத்தில் பதில் அனுப்பினாள். "பைக்லயா? ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போ."

அந்த இணைய ஆட்டத்திலிருந்த மற்றவர்கள் ஒலிபெருக்கியில் சிரித்தார்கள். "நம்ம ஒஹாயோ மாநிலச் சட்டமே ஹெல்மெட் போடச் சொல்லல, இது சொல்லுது. சரிங்கம்மான்னு சொல்லுடா."

கையிலெடுத்த ஹெல்மெட்டை டஸ்டின் மறுபடி ஆணியில் மாட்டினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரவ?"

"அவ இல்ல, அவன். பாதிப் பேரு பொம்பளை உருவத்துலதான் ஆடுவோம். எங்க படையில பொம்பளைக்கு இடமே கிடையாது, தெரியும்ல?"

தெரியும். அந்நியரை விரட்ட வேண்டும், பெண்கள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும் என்று ஆட்டத்துக்கு நடுவே முழங்குகிற படை அது. அந்தப் பேச்சை வீட்டிலும் பேசித்தான், தொழிற்சங்கத்தில் ஊறிய தன் அப்பா வெர்னனோடு சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டான். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றான். நாலு வருஷமாக அவர் மிதிக்கவில்லை.

செம்பட்டை முடிக்காரி மட்டும் எதையும் முழங்கமாட்டாள். 'சாப்பிட்டியா', 'இருமல் நின்னுச்சா' என்று எழுதுவாள். நான் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஆம்பளை இன்னொரு ஆம்பளையோட இருமலை விசாரிப்பான்?" என்றேன்.

அவன் பைக்கை எடுத்தான். ஆற்றுப்பால வளைவில் சரக்கு லாரி. அடி தலையில் மட்டும்தான்.

அடக்கத்துக்குப் படையிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்த பெண்களின் முடியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து அழுதால், என் அழுகையில் பாதியைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

எல்லோரும் போன பிறகு வெர்னன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் படி ஏறினார். ஆணியருகே நின்று, ஹெல்மெட்டை எடுத்து உள்ளங்கையால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார்.

"போட்டுக்கிட்டுப் போன்னு எழுதினேன்ம்மா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

அது இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.