பதில் சொன்னது யார்?

"சேர்ந்து இத்தனை மாசமாச்சு. ஒரு சின்ன புரோகிராம்கூட உருப்படியா எழுதத் தெரியலையேப்பா. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர்.

இளைஞன் தலைகுனிந்து நின்றான்.

"இன்டர்வியூல மட்டும் எப்படித் தேறினே? யாராவது பதில் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஆமா சார்."

"யாரு? சொல்லு, சும்மா விடமாட்டேன்."

"நீங்கதான் சார். கேள்வி கேட்டீங்க. நான் யோசிக்கறதுக்குள்ள பதிலையும் நீங்களே விளக்கிட்டு, 'சரிதானே?'ன்னீங்க. நான் தலையாட்டினேன். அதை நம்பி, இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தேன்."

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. அவன் இடத்துக்கு நேற்றுத் தேர்ந்தெடுத்த பெண் நினைவுக்கு வந்தாள். அவளும் அழகாகத் தலையாட்டியவள்தான். அவசரமாகப் போன் செய்தார்.

"பழைய வேலையை இப்போதைக்கு விட்டுடாதீங்கம்மா."

"காலையிலயே விட்டுட்டேன் சார்."